படத்தின் அருகில் நின்ற குரல்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நோக்கி இரயிலில் புறப்படுவோர், நகரின் ஆரவாரம் அடங்கியதும் காணும் நிலையம் முண்டியம்பாக்கம். முன்பு சர்க்கரை ஆலையாலும், 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரியாலும் பெயர்பெற்ற ஊர் அது. 2006ஆம் ஆண்டு, அவ்வூரில் நமக்கு மிகவும் வேண்டிய குடும்பம் ஒன்றில் பெரியவர் ஒருவர் இறந்து முப்பதாம் நாள். திருப்பலி கண்டு திரும்பிய உறவினர் அனைவரும் வீட்டின் முன் போட்டிருந்த பந்தலில் அமர்ந்திருந்தனர். பந்தற்காலில் வெள்ளை வேட்டி ஒன்று திரையாகக் கட்டப்பட்டிருந்தது. பெரியவரின் பேரன் சென்னையில் கணினிப் பணியில் இருந்தவன். தாத்தாவின் பழைய புகைப்படங்கள் 62ஐத் திரட்டி, ஒன்றன்பின் ஒன்றாக வருமாறு படவில்லைக் காட்சியாக அமைத்து, அவர் விரும்பிக் கேட்ட மாதா பாடல் ஒன்றையும் அதனோடு இணைத்துக் கொண்டுவந்திருந்தான்.

விளக்கை அணைத்தோம். முதல் படம் வந்தது. பாட்டு வரவில்லை.

சென்னையில் அவன் பலமுறை ஓட்டிப் பார்த்தபோது தவறாமல் ஒலித்த பாட்டு அது. பாட்டிருந்த குறுந்தகடு அப்போது அவனுடைய கணினிக்குள்ளேயே இருந்தது. இப்போதோ அது சென்னை வீட்டு மேசைமீது இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அந்தத் தகட்டைத் திறந்து, ஐந்தாம் பாட்டின் கோப்பையும் படங்களோடு சேர்த்து நகலெடுத்து வந்திருந்தான். அதைச் சொடுக்கினாலும் அமைதியே. நாம் ஒலிபெருக்கியின் கம்பியைச் சோதித்தோம். அவன் கணினியைச் சோதித்தான். படங்கள் மட்டும் தம் போக்கில் மாறிக்கொண்டே இருந்தன.

அப்பொழுது பெரியவரின் மனைவி எழுந்தார். எண்பதை நெருங்கிய அந்த ஆயா திரையின் அருகில் போய் நின்று, கையை நீட்டி, யார் யார் என்று சொல்லத் தொடங்கினார். படவீழ்த்தியின் ஒளி அவருடைய வெள்ளைப் புடவையிலும் விழுந்தது. "இது யாரு தெரியுமா? உங்க தாத்தாவோட பெரியப்பா. குடை உபதேசியார்னு பேரு. மழை இருந்தாலும் இல்லாட்டியும் குடையோடதான் வருவாரு" என்றார். பந்தலில் சிரிப்பு எழுந்தது. அடுத்த படம் வருமுன் பேரன் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. நான்கரை நிமிடத்தில் முடியவேண்டிய காட்சி அன்று ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நடந்தது.

பாட்டு வராததன் காரணம் பிறகு தெரிந்தது. இசைக் குறுந்தகட்டைக் கணினியில் திறந்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கோப்பு இருப்பதுபோல் பெயர்கள் வரிசையாகத் தெரியும். அவை பாட்டல்ல, பாட்டு தகட்டில் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று குறிக்கும் சீட்டுகள் மாத்திரமே. ஒவ்வொன்றும் 44 பைட் அளவுடையது. அந்த மாதா பாடல் 4 நிமிடம் 20 வினாடி. குறுந்தகட்டில் ஒரு வினாடி இசை 1,76,400 பைட் இடம் கொள்ளும். ஆகவே முழுப் பாட்டும் ஏறக்குறைய 4 கோடியே 58 இலட்சம் பைட். பேரன் கொண்டுவந்ததோ 44. கடிதம் என்று எண்ணி மேல்விலாசத்தை மட்டும் எடுத்து வந்த கதைதான்.

அன்று நடந்ததை நாம் கணினிக் காலத்துக்கே உரிய புதுத் தடுமாற்றம் என்று எண்ணினோம். பின்னர்த் தேடிப் படித்தபோது, அது நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைய சங்கதி என்று விளங்கிற்று. படம் ஒரு பாத்திரத்திலும் பாட்டு மற்றொரு பாத்திரத்திலுமாகவே நெடுங்காலம் பயணம் செய்திருக்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே கூட்டத்தின் முன் சேர்த்துவைக்க எப்போதும் யாரோ ஒருவர் நடுவில் நிற்க வேண்டியிருந்தது. அந்த நடுவில் நின்றவரின் வரலாறு இது.

ஒளியால் படத்தைச் சுவரில் வீழ்த்தும் 'மாயவிளக்கு' 1659 அளவில் ஆலந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் கையில் உருவாயிற்று. அதைப் படம் வரைந்து நூலில் பரப்பிய பெருமை சேசு சபைத் துறவி அத்தனாசியுஸ் கிர்ச்சருக்கு உரியது. அவருடைய ஒளிநூலின் 1671ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டு விளக்குகள் வரையப்பட்டுள்ளன. ஒன்று சுவரில் வீழ்த்துவது, உத்தரிக்கிற நெருப்பில் நிற்கும் ஓர் ஆன்மா. மற்றொன்று வீழ்த்துவது, அரிவாளேந்திய மரணம். முப்பதாம் நாள் பந்தலில் படம் காட்டிய நமக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை. (வில்லையைக் கண்ணாடிக்கு எந்தப் பக்கம் செருகுவது என்பதைக் கிர்ச்சரின் சித்திரத்தில் தவறாகக் காட்டியிருப்பர். அதன்படி செய்தால் சுவரில் படம் விழாது. கருவியோடு மல்லுக்கட்டும் இக்காலத்தார்க்கு இது சற்றே ஆறுதல்.)

மறைபரப்புப் பணியாளர் இவ்விளக்கைக் கப்பலேற்றிக் கீழ்த்திசை நாடுகளுக்குக் கொண்டுவந்தனர். பாரிஸ் நகரில் 'போன் பிரெஸ்' என்னும் கத்தோலிக்கப் பதிப்பகம் மறைக்கல்விக்கான படவில்லைகளைச் செய்து விற்பதற்கென்றே தனிப்பிரிவு வைத்திருந்தது. 1903 முதல் இத்துறைக்கெனத் தனி இதழும் நடத்திற்று. வில்லைகளோடு, படம் மாறும்போது படித்துச் சொல்லவேண்டிய உரைகளும் அச்சாகி வந்தன. ஆனால் பிரெஞ்சு மொழியில் அச்சான உரை நம் சிற்றூர்களில் என்ன செய்யும்? சின்னக் குறிப்பிடத்தை மனப்பாடமாகச் சொல்லித்தந்த உபதேசியார் திரையருகில் நின்று தம் சொற்களில் கதை சொன்னால்தான் படம் பேசும். கூட்டத்துக்குத் தெரிந்த பாட்டை அவர் எடுத்துக்கொடுத்தால்தான் இசை உண்டு. நம் சிற்றூர்களில் படவில்லைக்கு இசை சேர்த்தவர்கள் இவர்களே. அவர்களுடைய பெயரை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். படங்காட்டுதல் எங்கே நடக்கலாம் என்பதில் திருச்சபை தொடக்கத்திலேயே கண்டிப்பாக இருந்தது. 1912 டிசம்பர் 10ஆம் நாள் உரோமையின் கன்சிஸ்தோரியல் பேராயம், ஆலயங்களுக்குள் ஒளிப்படக் காட்சியும் சலனப்படமும் கூடாது என்று ஆணையிட்டது. எவ்வளவு பக்தியான படமாயினும் சரி, வழிபாட்டுக்கென நேர்ந்தளித்த இடம் காட்சிக்கூடம் ஆகலாகாது என்பதே கருத்து. ஆகவே படம் கோயிலுக்கு வெளியே, திடலுக்கும் பள்ளிக்கூட முற்றத்துக்கும் வந்தது. அதனால் இழப்பு எதுவும் நேரவில்லை என்றே நாம் கருதுகிறோம். திடலில் பேசலாம், சிரிக்கலாம், இது யார் என்று கேட்கலாம்.

இதற்கிடையில் சலனப்படம் தமிழகத்துக்கு வந்துவிட்டது. திருச்சியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராகப் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட்டை நம் வாசகர் பலர் அறிவர். 1905இல், இலங்கையில் படங்காட்டிவிட்டுத் திருச்சிக்கு வந்து நோயுற்ற துப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து, படங்காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் அவர் விலைக்கு வாங்கினார். சுருள்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. அவர் வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்டார். திருச்சியிலிருந்து கும்பகோணம், கடலூர், விழுப்புரம் வழியாகச் சென்னை சென்ற அந்நாளைய இருப்புப்பாதை, இன்று முண்டியம்பாக்கத்தைக் கடந்து செல்லும் அதே தடம்தான். 1909இல் சென்னை எஸ்பிளனேடு பகுதியில் அவர் கூடாரமடித்தபோது அதற்கிட்ட பெயர் 'எடிசன் கிராண்ட் சினிமாமெகாபோன்'. படம் ஊமையாயிருந்த காலத்தில் பெயரிலாவது ஒலி இருக்கட்டும் என்று அவர் கருதினார் போலும். ஊமைப்பட அரங்குகளில் ஒருவர் திரைக்கருகே நின்று கதையை உரக்க விளக்குவார்; ஆர்மோனியமும் தபலாவும் வைத்துக்கொண்டு சிலர் வாசிப்பர். உபதேசியார் செய்த வேலையைத்தான் இவர்கள் கூலிக்குச் செய்தார்கள். விளக்குபவர் கெட்டிக்காரராயிருந்தால் அதே படத்துக்கு மறுநாளும் கூட்டம் வரும்.

இந்த விளக்குபவரையும் வாத்தியக்காரரையும் நீக்கிவிட்டு, இசைத்தட்டைக் கொண்டே படத்துக்குப் பாட்டுச் சேர்க்கத் துணிந்த மனிதர் ஒருவரும் சென்னைக்காரரே. அவர் இரகுபதி வெங்கய்யா. 1869இல் மசூலிப்பட்டினத்தில் பிறந்து, சென்னையில் புகைப்பட நிலையம் நடத்தியவர். பிரான்சில் லெயோன் கோமோன் என்பார் 1902இல் பிரெஞ்சுப் புகைப்படச் சங்கத்தின் முன், கிராமபோனையும் படக்கருவியையும் மின்கம்பியால் பிணைத்து, திரையில் தோன்றுபவர் பாடுவதுபோலவே காட்டினார். பின்னர், ஒலி பெரிய அரங்கிலும் கேட்கும்படி அழுத்தக் காற்றால் அதைப் பெருக்கும் ஏற்பாட்டைச் செய்து, அதற்குக் குரோனோமெகாபோன் என்று பெயரிட்டார். வெங்கய்யா தம் புகைப்பட நிலையத்தையே ஈடுவைத்து, 1909 அளவில், 30,000 ரூபாய் விலையில் இக்கருவியைத் தருவித்தார். அந்நாளில் பெருந்தொகை அது. விக்டோரியா பொதுமன்றத்தில் காட்டினார். எஸ்பிளனேடில் கூடாரமடித்துக் காட்டினார். பின் இலங்கைக்கும் பர்மாவுக்கும் எடுத்துச் சென்றார்.

இக்கருவி வேலைசெய்த விதம் நம் கதைக்கு மிகவும் வேண்டியது. படக்கருவி அரங்கின் பின்புறம் இருக்கும். கிராமபோனோ திரைக்கருகில் இருக்கும். இரண்டின் மோட்டார்களும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். பின்னால் நிற்பவர் கையில் ஒரு காட்டி உண்டு. படம் முந்தினால் சற்றே தணிப்பார், பிந்தினால் விரைவுபடுத்துவார். ஊசியைத் தட்டின் குறித்த வரியில் வைக்க வேண்டும். ஊசி துள்ளிவிட்டால் தீர்ந்தது. திரையில் வாய் மூடியிருக்கப் பாட்டு கேட்கும். தட்டு ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடாதாதலால் படமும் அவ்வளவே. இன்னும் ஒன்று: அப்படங்களில் பாடகர் முதலில் தட்டுக்குப் பாடிவிடுவார், பின்பு ஒளிப்படக்கருவியின் முன் நின்று, ஒலிக்கும் தட்டுக்கேற்ப வாயசைப்பார். நம் திரைப்படங்களில் பின்னாளில் வழக்கமான முறை அதுதான்.

வெங்கய்யா 1914இல் கெயிட்டி அரங்கைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் படஅரங்கு அது என்பர். அவர் வாங்கிய இசைத்தட்டுக் கருவி எழுப்பிய வியப்பு சில ஆண்டுகளில் அடங்கிற்று. விளக்குபவர்கள் மீண்டும் திரைக்கருகில் வந்து நின்றார்கள். 1931 அக்டோபர் 31இல் 'காளிதாஸ்' வெளியாகித் தமிழ் பேசும்படம் பிறக்கும்வரை அவர்களுக்கு வேலை இருந்தது. அதன்பின் இல்லை.

அமெரிக்காவில் 1926 முதல் சில ஆண்டுகள் 'வைட்டாபோன்' முறை நடந்தது. 16 அங்குல இசைத்தட்டு, ஒரு சுருள் படத்துக்கு ஒரு தட்டு, 11 நிமிடம். படச்சுருள் அறுந்து சில கட்டங்கள் வெட்டப்பட்டால், அதன்பின் அந்தச் சுருள் முழுவதும் பாட்டும் படமும் பொருந்தாமல் போகும். வெட்டுண்ட அளவுக்குக் கறுப்புச் சுருளை ஒட்டிச் சரிக்கட்டினார்கள். இந்தத் தொல்லையாலேயே ஒலியைப் படச்சுருளின் ஓரத்திலேயே பதியும் முறை வென்றது. பாட்டும் படமும் ஒரே உடலாயின. அறுந்தாலும் சேர்ந்தே அறுந்தன.

திரைப்படத்துக்கு வந்த இந்த ஒற்றுமை பங்குகளின் படவில்லைக் காட்சிக்கு வரவில்லை. 1970களிலும் 1980களிலும் மறைக்கல்விப் பணியில் இருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். திருச்சியில் 1977இல் தோன்றிய கலைக்காவிரி, சென்னையில் சாந்தோம் தொடர்பு நிலையம் முதலியவை கலை, தொடர்புப் பணிகளில் ஊக்கமாக இயங்கிய காலம் அது. வட்டத் தட்டில் 80 வில்லைகள் அடுக்கிய புரொஜெக்டர் ஒருபுறம், ஒலிநாடாக் கருவி மறுபுறம். விலையுயர்ந்த ஏற்பாட்டில் நாடாவின் ஒரு தடத்தில் உரையும் இசையும், மறு தடத்தில் 1000 ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள சிற்றொலியும் பதிந்திருக்கும். அந்தச் சிற்றொலி கூட்டத்துக்குக் கேளாது. ஆனால் அதைக் கேட்டதும் புரொஜெக்டர் தானே அடுத்த வில்லைக்கு நகரும். நம்மைப் போன்ற எளியோர்க்கு நாடாவில் 'டிங்' என்று ஒரு மணியோசை. அதைக் கேட்டுக் கையால் தள்ள வேண்டும். ஒரு மணியைக் கேளாமல் விட்டால் கானாவூர்த் திருமணத்தில் இலாசர் எழுந்து வருவார். மின்கலம் தளர்ந்தால் பாட்டு இழுபடும். இருந்தாலும், கருவியருகில் ஒருவர் விழிப்போடு இருந்தே ஆகவேண்டிய காட்சிகள் அவை.

படக்கருவிகளைப் பற்றி மட்டுமல்ல, இசைக்கருவிகளைப் பற்றியும் திருச்சபை பேசியிருக்கிறது என்பதைச் சிலர் மறந்திருக்கலாம். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இறப்பதற்கு ஐந்து வாரங்களுக்கு முன், 1958 செப்டம்பர் 3ஆம் நாள், திருச்சடங்குப் பேராயம் திரு இசை பற்றிய விரிவான அறிவுரை ஒன்றை வெளியிட்டது. தானியங்கி ஆர்கன், கிராமபோன், வானொலி, ஒலிப்பதிவு நாடா ஆகியவற்றைத் திருவழிபாட்டில் பயன்படுத்துவதை அது முற்றிலும் தடுத்தது. படவீழ்த்திகளை ஆலயத்துக்குள் எக்காரணம் கொண்டும் கூடாதென்று மறுபடியும் சொல்லிற்று. ஆனால் ஒலிபெருக்கியை அது தடுக்கவில்லை. உயிருள்ள ஒருவரின் குரலைப் பெருக்குவது தகும். அங்கில்லாத ஒருவரின் குரலைத் தகட்டிலிருந்து எழுப்பி வழிபாட்டை நிரப்புவது தகாது. மறைக்கல்விக்கும் பாட்டுப் பயிற்சிக்கும், வழிபாட்டுக்கு வெளியே, அதே கருவிகளை அது அனுமதித்தது. கருவிமேல் பகை கொண்ட ஆணையன்று அது. பாடவேண்டிய மனிதன் பாடாமல் உட்கார்ந்துவிடுவான் என்ற அச்சம் அதில் இருந்தது. 1973இல் சிறாருக்கான திருப்பலி பற்றி வெளியான வழிகாட்டி, ஆயர் பேரவைகளின் நெறிமுறைப்படி ஒலிப்பதிவு இசைக்கு இடமளித்துச் சற்றே தளர்த்திற்று. அத்தளர்வை நாம் குறைகூறவில்லை. எனினும் திருமணத்திலும் அடக்கத்திலும் பாடற்குழு கைகட்டி நிற்கக் குறுந்தகடு பாடுவதைக் காணும்போதெல்லாம் 1958இன் அச்சம் நமக்கு நினைவு வருவதுண்டு.

இனி அந்தக் குறுந்தகட்டுக்கு வருவோம். பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்தது அது. 12 செ.மீ. விட்டம், 74 நிமிட இசை, ஒரு வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்ணாக்கிப் பதியும் முறை. 1982 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹானோவர் நகரை அடுத்த லாங்கன்ஹாகன் ஆலையில் குறுந்தகடுகள் முதன்முதல் அச்சாகி வந்தன. இதில் நாம் வியந்த செய்தி ஒன்றுண்டு. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவான இந்தியாவின் தொடக்ககால இசைத்தட்டுகள் அச்சிடுவதற்காக அனுப்பப்பட்டதும் இதே ஹானோவருக்குத்தான். கப்பலில் போய்த் தட்டாகித் திரும்பி வந்தன. எண்பது ஆண்டுகள் கழித்து அதே ஊரின் ஓரத்திலிருந்து மற்றொரு தட்டு கிளம்பிற்று.

பவர்பாயிண்ட் என்னும் மென்பொருள் 1987இல் பிறந்தது. மெல்ல மெல்ல வில்லையும் வட்டத் தட்டும் மறைந்தன; கோடாக் நிறுவனம் 2004இல் தன் வில்லைப் புரொஜெக்டர்கள் செய்வதை நிறுத்திற்று. 1990களின் பிற்பகுதியிலிருந்து அந்த மென்பொருளில், குறுந்தகட்டின் இத்தனையாம் பாட்டை இந்த நிமிடத்திலிருந்து அந்த நிமிடம்வரை ஒலிக்கச் செய் என்று கட்டளையிட ஒரு வசதி இருந்தது. கேட்பதற்கு எளிது. ஆனால் பாட்டு காட்சிக்குள் வருவதில்லை. காட்சி நடக்கும்போது அதே தகடு கணினியில் இருந்தாக வேண்டும். மறந்தால் வெங்கய்யாவின் கிராமபோன் தட்டு உடைந்ததற்குச் சமம். மேலும், இத்தனை படம் முடியும்வரை ஒலிக்கட்டும் என்று தனியே குறிக்காவிட்டால், அடுத்த படத்தைச் சொடுக்கியதும் பாட்டு பாதியில் நின்றுவிடும்.

பாட்டைத் தகட்டிலிருந்து கோப்பாகப் பிரித்தெடுத்து வைத்தால் என்ன என்று வாசகர் கேட்கலாம். அதுவே சரியான வழி. 1990களில் அது எளிதன்று. அக்காலத்துப் பிளாப்பி ஒன்றில் குறுந்தகட்டு இசை எட்டு வினாடியே கொள்ளும்; நம் மாதா பாடலுக்கு 32 பிளாப்பிகள் வேண்டியிருக்கும். எம்.பி.3 என்னும் சுருக்கும் முறை அதைப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக்கியது. அப்போதும் பவர்பாயிண்ட் அதைத் தன்னுள் வைத்துக்கொள்ளாது. எங்கிருக்கிறது என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும். 2010ஆம் ஆண்டுப் பதிப்பு முதலே பாட்டும் காட்சியின் கோப்புக்குள்ளேயே அடங்குவது இயல்பாயிற்று. திரைப்படம் 1930 அளவில் அடைந்த நிலையைப் படவில்லைக் காட்சி எண்பது ஆண்டு கழித்து அடைந்தது.

திரைப்படமோ இதற்குள் ஒரு வட்டம் சுற்றி, பழைய இடத்துக்கே ஒருமுறை வந்துபோயிற்று. 1990களின் இறுதியில் சிற்றூர்ச் சுவரொட்டிகளில்கூட 'டி.டி.எஸ்.' என்ற மூன்றெழுத்து பெரிதாக விளங்கியதை வாசகர் கண்டிருப்பர். 1993இல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு உலகுக்கு அறிமுகமான அம்முறையில் எண்ணாக்கிய ஒலி படச்சுருளில் இல்லை. தனியே ஒரு குறுந்தகட்டில் இருந்தது. படச்சுருளின் ஓரத்தில் அதற்கான நேரக்குறி அச்சிட்டிருக்கும். அதைப் படித்துப் படித்துக் கருவி தகட்டை ஓட்டும். சுருள் அறுந்து சில கட்டங்கள் போனாலும் தகடு அடுத்த குறிக்குத் தாவிவிடும். வைட்டாபோனின் நோய் இதற்கில்லை. அரங்கம் அதிர்ந்தபோது, அது படவீழ்த்தி அறையில் ஓடும் ஒரு தகட்டின் ஒலி என்று யாரும் எண்ணவில்லை. பெட்டியோடு தகடு வந்துசேராவிட்டால் அந்த அரங்கு சுருளின் ஓரத்துப் பழைய ஒலித்தடத்தையே நம்பவேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

மறு ஆண்டு, பெரியவரின் முதலாண்டு நினைவு நாளில், பேரன் எல்லாவற்றையும் சரிசெய்து வந்தான். பாட்டைக் கோப்பாகப் பிரித்தெடுத்து, படங்களோடு ஒரே உறையில் வைத்து, எந்தக் கணினியிலும் ஓடுமாறு தொகுத்திருந்தான். ஒரு படத்துக்குச் சற்றேறக்குறைய நான்கு வினாடி. பாட்டு முடியும் கணத்தில் கடைசிப் படம் மங்கி மறையும். 4 நிமிடம் 20 வினாடி. ஓரிடத்திலும் தடங்கல் இல்லை. பலர் கண் கலங்கினர். அழகாகச் செய்திருக்கிறான் என்று நாமும் அவன் தோளைத் தட்டினோம். ஆயா முன்வரிசை நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். குடையோடு ஒருவர் வந்து நான்கு வினாடி நின்று போனார். ஆயாவின் வலக்கை மடியிலிருந்து சற்றே உயர்ந்து, பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால், மறுபடியும் மடிக்கே திரும்பிற்று. நாம் அதைப் பார்த்தோம். பாட்டை நிறுத்தச் சொல்ல நமக்குத் தோன்றவில்லை.

2011இல் ஆயாவும் இறைவனடி சேர்ந்தார். அவருடைய முப்பதாம் நாளுக்கும் அதே வீட்டில் அதே காட்சி, இன்னும் சில படங்கள் சேர்த்துக் காட்டப்பட்டது. இம்முறை பாட்டு கோப்புக்குள்ளேயே இருந்தது. எங்கே கொண்டுபோனாலும் கூடவே வரும். காட்சி முடிந்தபின் குடும்பத்தின் இளைய மருமகள் ஒருத்தி, படங்களின் கீழே பெயர்களை எழுதி வைத்துவிடலாமே என்றாள். நல்ல யோசனை என்று எல்லாரும் கணினியைச் சுற்றி அமர்ந்தோம். எட்டாம் படம்வரை எழுதினோம். ஒன்பதாம் படம் குடை உபதேசியார். பத்தாம் படத்தில் ஒரு மாட்டுவண்டி, அதன்மேல் மூன்று பெண்கள், வண்டியைப் பிடித்தபடி ஒரு சிறுவன். யாருக்கும் தெரியவில்லை. பதினொன்று, தெரியவில்லை. பன்னிரண்டில் ஒரு பள்ளிக்கூடத்து வாசல். அது மயிலத்திலா பேரணியிலா என்று இருவர் வாதிட்டனர்.

2006ஆம் ஆண்டு அந்தப் பந்தலில் இப்படங்களுக்கெல்லாம் ஆயா பெயர் சொன்னார். மாட்டுவண்டிக்குச் சற்று நேரம் எடுத்துக்கொண்டதும், அப்போது பெண்கள் பக்கமிருந்து யாரோ விசும்பியதும் நமக்கு நினைவிருக்கிறது. என்ன சொன்னார் என்பது நினைவில்லை. அந்நேரத்தில் நாமும் பேரனும் திரைக்கு முதுகு காட்டிக் குனிந்து, ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தோம்.